பிழைக்குப் பெயர் சொல்!

அஜக்ஸ் டக்ஸ் பேஸ்போல் கழகம் தமிழ் ரசிகர்களுக்கு இழைத்த அநீதிகளை முதலில் கால ஒழுங்கில் பதிவுசெய்கிறேன். ஒழுங்கு பிசகினால் நிர்வாகம் அந்தப் பிசகைப் பிடித்துக்கொண்டு அநீதியை விட்டுவிடும். முப்பது வருடம் துண்டுப்பிரசுரம் எழுதியவனுக்கு இது தெரியும்.

முதலாவது அநீதி, பெயர். டக் என்றால் அவர்களுக்கு வாத்து. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கோ, ஓர் ஓட்டமும் எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருகிறவன். முழுக் குழுவுக்கும் பூச்சியம் என்று பெயர் வைத்துவிட்டு வெற்றியை எதிர்பார்த்தது நிர்வாகம்.

இரண்டாவது அநீதி, மட்டன் றோல்ஸ். வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாதாம். வாசலில் டிக்கெட் கிழிக்கும் யூஜினி, மன்னாரிலிருந்து வந்த எங்கள் பிள்ளை. “குறை நினைக்காதேங்கோ அண்ணை, மேலிடத்து ஓடர்” என்று சொல்லிப் பையை வாங்கி வைத்தாள். ஆட்டம் முடிந்து திரும்பித் தந்தபோது பையின் பாரம் குறைந்திருந்தது. மேலிடம் அதையும் விசாரிக்கவில்லை.

மூன்றாவது, மூன்றாம் தளத்தை, அதாவது மூன்றாவது ‘பேஸை’க் காத்து நின்ற ஆட்டக்காரன் கென்னி. அவனிடம் வரும் பந்து கையுறைக்குள் புகுந்து, உள்ளே ஒருமுறை சுற்றிப் பார்த்து, வசதி போதாது என்று வெளியேறிவிடும்.

நான்காவது, ஒலிபெருக்கி அறிவிப்பாளர் ஹரல்ட். எங்கள் ரசிகர் சங்கத்தின் தலைவர் சச்சிதானந்தன் அண்ணையை அவர் முதன்முதலாக வரவேற்றபோது, “சாசா டான்ஸ் டென்” என்றார். எதிர்ப் பக்கத்தில் இருந்த சனம் எழும்பி ஆடியது.

ஐந்தாவது, தோல்வி. இதற்கு விளக்கம் வேண்டாம்.

நாங்கள் ஏன் இந்தக் குழுவிடம் போய்ச் சேர்ந்தோம் என்று கேட்பீர்கள். தொண்ணூற்று நான்காம் ஆண்டு பெரிய லீக்கின் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோடீஸ்வரர்கள்தான். ஆனாலும் வேலைநிறுத்தம் வேலைநிறுத்தமே. ‘உழைக்கும் கோடீஸ்வரரின் உரிமை வெல்க’ என்று நான் ஒரு பிரசுரம் எழுதி நாங்கள் குடியிருந்த மல்வேர்ன் முழுக்கக் கொடுத்தேன். அவர்களுக்கு ஆதரவாகப் பெரிய மைதானத்தைப் புறக்கணித்து, அஜக்ஸில் இருந்த இந்தச் சின்ன மைதானத்துக்கு நாலு வான் வண்டிகளில் போய் இறங்கினோம். உண்மையில் பெரிய மைதானம் அப்போது பூட்டிக் கிடந்தது. புறக்கணிப்புக்கு அது ஒரு தடையல்ல.

வந்த இடத்தில் ஒரு பேருண்மையைக் கண்டோம். இங்கே கத்தலாம்.

கனடாவில் மனிதன் கத்துவதற்கு வேறு இடமே கிடையாது. மாடிக் குடியிருப்பில் கத்தினால் கீழ்வீட்டுக்காரன் தும்புத்தடியால் சீலிங்கில் இடிப்பான். பக்டரியில் கத்தினால் மெஷின் வெல்லும். சங்கக் கூட்டத்தில் கத்தினால் சங்கம் இரண்டாகும். அஜக்ஸ் மைதானத்திலோ, “உன்ர கண்ணை எங்கையடா அடைவு வைச்சனி!” என்று நடுவரைப் பார்த்துக் கத்தினால், பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரர் தோளில் தட்டிக் கடலை தருகிறார். நான் உரும்பிராய் முதல் ஒட்டாவா வரை கத்தியவன். ஒருவரும் கடலை தந்ததில்லை.

அடுத்த வருடம் இரண்டாவது பேருண்மை வந்தது. கென்னி ஒரு பந்தைத் தவறவிட்டான். ஹரல்டின் குரல் மைதானம் முழுக்க ஒலித்தது.

“உவர் என்ன சொல்லுறார்?” என்று கேட்டார் சச்சி அண்ணை.

“பிழையாம். மூண்டாம் தளம், கென்னியாம்” என்றான் அகஸ்ரின். எங்கள் வான் ஒன்றின் சாரதி அவன், வாய் மட்டும் பிரேக் இல்லாதது.

“எல்லாருக்கும் கேக்கச் சொல்லுறாரோ?”

“ஓம் அண்ணை. ஸ்கோர் போர்ட்டிலையும் போடுறாங்கள்.”

சச்சி அண்ணை தொப்பியைக் கழற்றினார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நான் எத்தனை கந்தோர்களில் வரிசையில் நின்றிருக்கிறேன்! எல்லாவற்றிலும், ‘தவறு நேர்ந்துள்ளது, வருந்துகிறோம்.’ தவறு மழை மாதிரி நேரும். யாரும் செய்வதில்லை. இங்கே ஒரு பிழை நடந்த அந்த நிமிடமே, யார் என்று சனத்துக்கு முன்னால் வாசிக்கிறார்கள். அன்றிரவே புதிய பிரசுரம் பிறந்தது: ‘ஆட்டக்காரன் பிழைவிட்டால் அறிவிப்பு! நிர்வாகம் பிழைவிட்டால் மௌனமா? பிழைக்குப் பெயர் சொல்!’

கழகத்தின் பொது முகாமையாளர் எங்களை அழைத்துப் பேசினார். மொழிபெயர்க்க யூஜினி இருந்தாள்.

“கழகத்தில் சில பிழைகள் நடந்திருப்பதை ஒப்புக்கொள்கிறோம்” என்றார் அவர்.

“ஆர் செய்தது?” என்றேன்.

“அவை நடந்துவிட்டன.”

“கால்நடையா நடந்ததோ, பஸ் பிடிச்சு வந்ததோ எண்டு கேள் பிள்ளை” என்றான் அகஸ்ரின்.

யூஜினி அதை ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் கேட்டாள். முகாமையாளர் நீண்டநேரம் அகஸ்ரினையே பார்த்தார். அந்தப் பார்வையை நாங்கள் தோல்வியின் பார்வை என்று எடுத்துக்கொண்டோம்.

மூன்று ஆட்டங்களுக்கு வாசலில் நின்று கோஷம் போட்டோம். நாலாவதற்கு நிர்வாகம் பணிந்தது. அந்த நாட்களில் எல்லாக் கம்பனிகளுக்கும் ‘வெளிப்படைத்தன்மை’ என்ற காய்ச்சல் பிடித்திருந்தது. டை கட்டிய ஆலோசகர் ஒருவர் வந்து, எங்கள் கோரிக்கைதான் அந்தக் காய்ச்சலின் மிகப் புதிய வகை என்று சொல்லிவிட்டார். விதியின் வாசகத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதினேன்: ‘இம்மைதானத்தின் எல்லைக்குள் விளையும் எப்பிழையும், அதைப் புரிந்தவர் எவராயினும், அன்னாரின் முழுப்பெயரோடும் சரியான உச்சரிப்போடும் அறிவிக்கப்படும்.’

‘எவராயினும்’ என்ற சொல் வந்த இடத்தில் சச்சி அண்ணை எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உதிலை ஒருத்தனும் தப்பேலாது” என்றார்.

உச்சரிப்புக்காக யூஜினியை ஹரல்டின் ஆசிரியையாக நியமித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அறிவிப்புச் செய்யும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து எங்கள் அங்கத்தவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஹரல்ட் நல்ல மாணவர். ஆனால் எங்கள் பக்கத்தில் பிழை எதுவும் விளையாததால் அவர் படித்த படிப்பு பயன்படாமலே கிடந்தது.

மற்றப் பக்கங்களிலோ நல்ல விளைச்சல். ‘பிழை: ஹொட்டோக் கடை, வால்ட்டர் ஹிக்கின்ஸ், கடுகு தீர்ந்தது.’ ‘பிழை: வாத்து வேடம் போட்டவர், தேசிய கீதத்துக்குப் பின்பக்கம் காட்டியது.’ ‘பிழை: பொது முகாமையாளர், தன் காரைத் தானே மறித்து நிறுத்தியது.’ சனம் ஆட்டத்தை விட்டுவிட்டு அறிவிப்பைக் கேட்க வந்தது. பிழை வாசிக்கும்போது ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள், சத்தம் இடைஞ்சல் என்று.

பிறகு நிர்வாகம் ஓர் அரிய கண்டுபிடிப்பைச் செய்தது. வேலை செய்தால்தான் பிழை வருகிறது. டிக்கெட் யன்னலைச் சாத்தினார்கள். பிழையான டிக்கெட் ஒன்றுகூட விற்கப்படவில்லை. ஹொட்டோக் கடை அடுப்பை அணைத்தது. ஒரு ஹொட்டோக்கும் கருகவில்லை. ‘நிர்வாகத்தின் பிழைகள் முழுமையாக ஒழிந்தன’ என்று நான் வெற்றிப் பிரசுரம் வெளியிட்டேன். பசியோடு வாசித்தார்கள்.

கென்னியும் இதே ஞானத்தை அடைந்தான். பேஸ்போலில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. பந்தைக் கையுறையில் வாங்கித் தவறவிட்டால்தான் பெரும்பாலும் பிழை எழுதுவார்கள். தொடாமல் போகவிட்டால் அது அடித்தவனுடைய திறமை. அன்று முதல் கென்னி பந்து வருவதைக் கண்டால் ஒரு பக்கமாக ஒதுங்கி, விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல நின்றான்.

“கென்னி திருந்திட்டான் அண்ணை, ஒரு பிழையுமில்லை!” என்று கத்தினான் அகஸ்ரின்.

“அப்ப ஏன் காணும் தோற்கிறம்?” என்று கேட்டார் சச்சி அண்ணை.

“அது மற்றவங்கட திறமை.”

இந்த நிலையில்தான் கழகத்தின் சொந்தக்காரரான முதலாளியின் முடிவு வந்தது. கடைசி உள்ளூர் ஆட்டத்தில் வென்று இறுதிச் சுற்றுக்குப் போகாவிட்டால் கழகத்தை மூடி, மைதானத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிடுவார். அவ்வளவு தோற்ற குழு எப்படி இறுதிச் சுற்றை நெருங்கியது என்று யோசிக்க வேண்டாம். மற்றக் குழுக்கள் மூடப்பட்டு மூடப்பட்டு லீக்கில் ஐந்துதான் எஞ்சியிருந்தன. அதில் நான்கு போகலாம்.

ஆகவே அன்றைய ஆட்டத்தில் எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. வென்றால் அடுத்த வருடமும் கத்தலாம். தோற்றால் திரும்பவும் சீலிங்கும் தும்புத்தடியும்.

இப்படியொரு ஆட்டத்தை டக்ஸ் ஆடியதை நாங்கள் கண்டதில்லை. கடைசி இன்னிங்ஸில் எதிரிகள் அடிக்கிறார்கள். நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால். எதிரிகளில் இரண்டு பேர் அவுட். ஒருவன் முதலாம் தளத்தில் நிற்கிறான். இன்னும் ஒரேயொரு ஆள் விழ வேண்டும். என் தொண்டை கட்டி, குரல் விசில் மாதிரி வந்தது.

அடித்தான். பந்து நேரே மேலே போய், சரிந்து, எங்கள் பக்கத்து வேலியை நோக்கி இறங்கியது. அதன் கீழே கென்னி ஓடி வந்தான். ஆம், ஓடி! ஒதுங்கவில்லை. ஞானம் பெற்ற பிறகு முதல் தடவையாகக் கையுறையை உயர்த்திக்கொண்டு, வேலிக்கு மேலால் எட்டி, வாயைத் திறந்துகொண்டு வந்தான்.

அப்போது எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையானது.

சச்சி அண்ணை அந்தக் காலத்தில் கல்லூரி விக்கெட் காப்பாளர். ஐம்பத்தெட்டு வயதிலும் அந்த உடம்பு அதை மறக்கவில்லை. சாரம் கட்டியிருந்தால் அவிழ்ந்திருக்கும், அப்படியொரு பாய்ச்சல். கென்னியின் கையுறைக்கு ஒரு சாண் மேலே, வெறுங்கையால், ஒற்றைக் கையால், பந்தைக் கொய்துகொண்டு கதிரை வரிசைக்குள் விழுந்தார். விழுந்தபடியே பந்தை உயர்த்திக் காட்டினார்.

“அவுட்!” என்று நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். கட்டிப்பிடித்தோம். ஒரு அன்ரி அழுதா. அகஸ்ரின் வாத்து வேடக்காரரைத் தூக்கிக்கொண்டு ஆடினான். “எங்கட ஆள் பிடிச்சிட்டார்! வெண்டாச்சு!”

நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஏதோ சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது.

“ஏன் இன்னும் நிக்கிறான் உவன், அடிச்சவன்? பிடிச்சால் அவுட்தானே?” என்றேன்.

வாசலிலிருந்து ஓடிவந்த யூஜினி தலையில் கை வைத்தாள். “ஐயோ அண்ணை, பிடிக்க வேண்டியவன் பிடிச்சால்தான் அவுட்! பார்க்க வந்தவர் பிடிச்சால் அது சும்மா பந்து. அவன் இன்னொருக்கால் அடிக்கலாம்!”

அவன் இன்னொருக்கால் அடித்தான். அது வேலியைத் தாண்டி, வாகனத் தரிப்பிடத்தையும் தாண்டி, அடுத்த ஊரான விட்பிப் பக்கமாகப் போனது. இரண்டு பேர் சுற்றி வந்து இரண்டு ஓட்டம் எடுத்தார்கள்; இப்போது நாங்கள் ஓர் ஓட்டம் பின்னால். பிறகு எங்கள் ஆட்டக்காரர் மூவர் துடுப்போடு வந்து, ஒருவர் பின் ஒருவராகப் பெயருக்கேற்றபடி திரும்பினார்கள். அஜக்ஸ் டக்ஸ் முடிந்தது.

மைதானம் செத்த வீடு மாதிரி இருந்தது. கென்னி வேலியோரம் வெறுங் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொது முகாமையாளர் படியேறி எங்கள் முன்னால் வந்தார்.

“அந்தப் பந்தைப் பிடித்தது யார்?” என்று யூஜினி மூலம் கேட்டார்.

சச்சி அண்ணை பந்தைப் பொக்கற்றுக்குள் வைத்துத் தொப்பியால் மூடியிருந்தார். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் எழும்பினேன்.

“பந்து பிடிபட்டுவிட்டது. வருந்துகிறோம்” என்றேன்.

“பிடித்தவர்?”

“பிடிபடல் நேர்ந்துள்ளது.”

முகாமையாளரின் முகத்தில் அந்தப் பழைய பார்வை வந்தது. “கால்நடையாகவா, பஸ்ஸிலா?” என்றார்.

அகஸ்ரின் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினான். அது நூல் இல்லாத சப்பாத்து.

“கென்னி பிடிப்பான் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?” என்று சச்சி அண்ணை என் காதுக்குள் முனகினார். “வருசம் முழுக்க விட்டவன்தானே? இண்டைக்குப் பார்த்து ஏன் வந்தவன்?”

“பேசாமல் இருங்கோ அண்ணை. ஒரு விசாரணைக் குழு கேப்பம். அறிக்கை வர மார்கழியாகும்.”

நான் விசாரணைக் குழுவின் அவசியத்தைப் பற்றி இரண்டாவது வசனத்தைத் தொடங்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஹரல்ட் எழும்பி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார். கையில் தாள் எதுவும் இல்லை. மனப்பாடம்.

மைதானத்தில் நின்ற ஆட்டக்காரர், வேலியில் சாய்ந்த சனம், வாத்து, கடலை தந்த வெள்ளைக்காரர், நாலு வான் தமிழர் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“பிழை” என்றார் ஹரல்ட். “பழனித்தம்பி சச்சிதானந்தன்.”

முழுப்பெயர். சரியான உச்சரிப்பு. பழனியின் ழகரம், எங்களில் பாதிப்பேர் ளகரமாக்கிவிடும் அந்த ழகரம், ஒலிபெருக்கியில் தேன் மாதிரி வழுக்கியது. சச்சியின் இரட்டைச் சகரம் கல் மாதிரி நின்றது. தகப்பன் பெயரும் தன் பெயரும் இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரன் வாயிலிருந்து கைகால் முறியாமல் வந்து விழுவதை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

பிறகு அந்த அழுத அன்ரி கைதட்டினா. நான் தட்டினேன். நாலு வான் சனமும் எழும்பித் தட்டியது. சச்சி அண்ணை தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மெல்ல எழும்பினார். பொக்கற்றிலிருந்த பந்து விழுந்து, வேலிக்குக் கீழால் உருண்டு கென்னியின் காலடிக்குப் போனது. அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

“வடிவாச் சொல்லிப்போட்டான் பாருங்கோ!” என்று அகஸ்ரின் கதிரையில் ஏறி நின்று கத்தினான். “இன்னொருக்கால்!”

“இன்னொருக்கால்! இன்னொருக்கால்!” என்று நாங்கள் அந்த மைதானத்தில் கடைசியாக, தொண்டை கிழியக் கத்தினோம்.

ஹரல்ட் கண்கலங்கி ஒலிவாங்கியை நெருங்கினார்.

“பிழை: பழனித்தம்பி சச்சிதானந்தன்.”