நாலு நிமிஷத்தாரின் ஆறு செவ்வாய்கள்

"இருபத்து மூணு நிமிஷம்," என்று ஒலிப்பதிவை நிறுத்தினார் மேலாளர். "அதுல எட்டு நிமிஷம் நீங்க அழறீங்க. மிச்ச நேரம் கஸ்டமர் உங்களைத் தேத்துறாரு."

எதிரில் நின்றவருக்கு அலுவலகத்தில் 'நாலு நிமிஷம்' என்று பெயர். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவில் பதினாறு வருடமாக, எப்பேர்ப்பட்ட புகாரையும் நாலு நிமிடத்துக்குள் முடித்துவைத்தவர். தண்ணீர் இறங்காத மெஷின், குதித்துக்குதித்துப் பக்கத்து அறைக்குப் போய்விட்ட மெஷின், எதுவானாலும் "வணக்கம், சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று தொடங்கி, "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று முடித்துவிடுவார். வேறு உதவி வேண்டும் என்று யாரும் சொல்லிவிடாத வேகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் அவருடைய தொழில் நுட்பம்.

அப்படிப்பட்டவரை ஒரு கிழவர் கவிழ்த்துவிட்டார். எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியவில்லை என்று போன் செய்தவர், "அவ இருந்தா அவளுக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். நாலு நிமிஷத்தாரின் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு நாள் விடுப்பு எடுத்து, மூன்றாம் நாள் ஹெட்போனை மாட்டியவர் அதுவரை அழுததே இல்லை.

மேலாளர் நல்ல மனிதர்தான். நல்லவராக இருப்பதற்கு அவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவே. மேசையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். ஊழியர் நலத் துணைத் திட்டம். மனம் லேசான ஊழியர் விடுப்பு குறைவாக எடுப்பார், வேலையில் நிலைப்பார், நிறுவனமும் தழைக்கும் என்று அதில் போட்டிருந்தது. ஆலோசகரிடம் ஆறு அமர்வுகள், முற்றிலும் இலவசம், முற்றிலும் ரகசியம். செவ்வாய்தோறும் மூன்று மணி. ஆறு வாரத்துக்குள் சராசரி பழையபடி நாலு நிமிடத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு கம்பெனி ஹெட்போன் மாட்டிவிடாது. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. நாலு நிமிஷத்தார் பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆலோசனை அறை முன்பு பழைய கோப்புகள் கிடந்த அறை. வாசலில் ஒரு காவலாளி, ஒரு பெட்டி, ஒரு வருகைப் பதிவேடு. ரகசியம் காப்பதில் கம்பெனி வெகு தீவிரமாக இருந்தது. அடையாள அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும், உள்ளே பெயரோ பிரிவோ கேட்கக் கூடாது, யார் வந்தார் என்று காவலாளி வாய் திறக்கக் கூடாது. உள்ளே மேசை கிடையாது. பெரியவர் சிறியவர் என்ற பேதம் வரக் கூடாதென்று ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள்.

ஒன்றில் ஒரு பெண்மணி ஏற்கெனவே அமர்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் நோட்டுப் புத்தகம், கையில் பேனா. நாலு நிமிஷத்தார் எதிரில் உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மௌனம் ஐந்து விநாடியைத் தாண்டினால் அவருக்குப் பொறுக்காது. பதினாறு வருடப் பழக்கம் தானாக வாயைத் திறந்தது.

"வணக்கம், சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தார்.

மேலே இருப்பவர் கடிகாரத்தோடு பின்னாலேயே நிற்பதைச் சொன்னார். அவர் நின்றாலே தன் கை நடுங்குவதை, நடுங்கினால் எண்ணிக்கை தப்புவதை, தப்பினால் அவர் இன்னும் கிட்டே வந்து நிற்பதைச் சொன்னார். மகன் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று மாதமாகப் பேசாததையும் சொன்னார். நாலு நிமிஷத்தார் திகைத்துப்போனார். பிறகு பிரசுரத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: தேவைப்பட்டால் ஆலோசகர் தம் சொந்த அனுபவத்தையும் பகிர்வார். ஓகோ, இது ஒரு முறை போலும். தன்னைத் திறந்துகாட்டி நம்மைத் திறக்கவைக்கும் உத்தி. ஆலோசகர்களுக்கும் தலைக்கு இத்தனை என்று கணக்கு வைத்து, பின்னால் ஆள் நிறுத்துகிறார்களே, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

தன்னைப் பற்றி மேலே நல்ல அறிக்கை போக வேண்டுமானால் ஆலோசகரின் மனம் குளிர வேண்டும். ஆகவே தன் துக்கத்தை உள்ளேயே பூட்டிவைத்து, வந்த புகாரைத் தீர்க்க இறங்கினார். அந்த ஆளின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள், சொல்லாத பிரச்சினை தீராது என்றார். அந்த அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்த விதமே சரியில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே முகத்துக்கு நேரா சொன்னேங்க. மெமோ குடுத்துட்டாங்க."

நாலு நிமிஷத்தார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தன் புகாரே தீரவில்லை, இதில் ஆலோசகருக்கே மெமோ வாங்கிக்கொடுத்தாயிற்று. அறிக்கை எந்த லட்சணத்தில் போகும்? அவசரமாக அடுத்த தீர்வைக் கொடுத்தார். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதுங்கள், பணிவாக, கொஞ்சம் விவரமாக. வாசகங்களையும் அவரே சொன்னார். வருந்துகிறோம் என்ற சொல்லை முப்பது விதமாக எழுதத் தெரிந்தவர் அவர்.

மூன்றாம் செவ்வாய், கடிதம் அருமையாக இருந்ததாகத் தெரிந்தது. அவ்வளவு விவரமாகத் தவறுகளை ஒப்புக்கொண்ட கடிதம் இதுவரை வந்ததில்லையாம். அதைக் கோப்பில் சேர்த்து, கடைசி எச்சரிக்கை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

மறுநாள் முழுக்க நாலு நிமிஷத்தாருக்கு வேலை ஓடவில்லை. சோப்புத்தூள் கரையவில்லை என்று ஒருவர் புலம்ப, இவர் அந்த அம்மாளின் மகனை எப்படிப் பேசவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். சராசரி ஆறரை நிமிடம் ஆகிவிட்டது. மேலாளர் மேசைக்கே வந்தார்.

"என்னங்க இது, சரிபண்ண அனுப்பினா மோசமாகித் திரும்பி வர்றீங்க? உண்மையிலேயே ஆலோசகர்கிட்டப் போறீங்களா, இல்ல எங்கயாவது உக்காந்துட்டு வர்றீங்களா?"

நாலாவது செவ்வாயில், மகன் பேசாவிட்டால் நீங்களும் பேசாமல் இருந்து பாருங்கள் என்றார். அந்த அம்மாள் வீட்டில் இருந்த அரைகுறைச் சத்தமும் நின்றது.

வீட்டில் இவருடைய மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்பா, உங்களை அங்க அனுப்பினது நீங்க பேசறதுக்கு. அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தையாவது சொன்னீங்களா?"

"அதை எப்படிம்மா நாலு நிமிஷத்துல சொல்றது?"

"உங்களுக்கு முக்கால் மணி நேரம் குடுத்திருக்காங்கப்பா."

ஐந்தாவது செவ்வாய், எதிரில் இருந்தவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

"என் சம்சாரம் இறந்த அன்னிக்கு ஆபீசுக்குப் போன் பண்ணினா. மூச்சு விட ஒரு மாதிரியா இருக்குன்னா. எனக்கு லைன்ல பதினோரு பேர் காத்திட்டிருந்தாங்க. டாக்டர் நம்பரைச் சொன்னேன். அப்புறம்..." காதில் இல்லாத ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். "அப்புறம், வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுப் போனை வெச்சுட்டேன். பொண்டாட்டிகிட்ட."

அந்த அம்மாள் நோட்டை மூடிக் கீழே வைத்தார். இவர் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தார். பிறகு சொன்னார்.

"அவங்களுக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருந்துச்சு. எடுத்தீங்க. எனக்கு இந்த அறைதாங்க இருக்கு."

அதுவும் ஒரு முறையோ என்னவோ. மறுநாள் காலை நாலு நிமிஷத்தார் அலாரம் அடித்த பிறகே விழித்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. அன்றைய சராசரி நாலு நிமிடம் பத்து விநாடி. வார முடிவில் நாலுக்கும் கீழே இறங்கியது.

ஆறாவது செவ்வாய் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கடைசி அமர்வில் தனியாக இருக்கப் பழக்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் ஒழுங்காகத் தனியாக இருந்துவிட்டு வந்தார்.

பதிவேட்டில் ஆறு வருகை, சராசரி நாலுக்குள். மேலாளர் கைகுலுக்கினார். வேலை நிலைத்தது. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒன்று ஒட்டப்பட்டது: 'ஊழியர் நலத் திட்டம் மாபெரும் வெற்றி. பங்கேற்றவர்களில் தற்போது பணியில் இருக்கும் அனைவரும் நலமடைந்துள்ளனர்.'

அந்த 'தற்போது' நாலு நிமிஷத்தார் கண்ணில் படவில்லை. ஆலோசகருக்கு நன்றி சொல்லாமல் இருப்பது முறையல்ல என்று ஆலோசனை அறைப் பக்கம் போனார். தன் கதையைக் கேட்டவரிடம், உங்கள் மகன் பேசினானா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருந்தது. காவலாளி கதவிலிருந்த சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். உள்ளே கோப்புகள் திரும்பி வந்திருந்தன. ஆலோசகர் அம்மா இனி எங்கே உட்காருவார் என்று நாலு நிமிஷத்தார் கேட்டார்.

திட்டம்தான் முடிந்துவிட்டதே, இனி வாய் திறந்தால் என்ன என்பதுபோலக் காவலாளி அக்கம்பக்கம் பார்த்தார்.

"அந்த வேலைக்கு இன்னும் ஆளே போடல சார், அந்தம்மா பேக்கிங்ல இருந்தவங்க, உங்களை மாதிரியே ஆறு வாரக் கெடு, அஞ்சு முடிஞ்சதுமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க — போறப்பகூட உங்களைத்தான் சொன்னாங்க, கம்பெனி தங்கமான ஆலோசகரா பாத்துப் போட்டிருக்கு, பாவம் அவருக்கே சம்சாரம் இல்லையாம்னு."