வகுப்பு முடிந்தும் போகாத நாற்பது பேர்

ஆன்லைனில் பாடம் எடுக்கும் எவரும் சில வாரங்களில் கறுப்புக் கட்டங்களோடு பேசப் பழகிவிடுவார்கள். நான் ஒரு படி மேலே போய், அந்தக் கட்டங்களுக்கு என்மேல் பிரியம் என்று நம்பினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.காம். முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிப்பில் தற்காலிக விரிவுரையாளர் ஆனேன். ரங்கநாதன் தெருவில் ஹேர் கிளிப் விற்கும் அம்மா, கிளிப் வாங்காதவர்களிடமும் ‘எம் பொண்ணு காலேஜ் டீச்சர்’ என்று சொல்லிவைத்திருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வேலையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மொத்தம் அறுபது மாணவர்கள். கேமரா போடச் சொன்னால் “டேட்டா தீந்துடும் மேம்.” கேள்வி கேட்டால் மௌனம். வினாடி வினா வைத்தேன், ஓட்டெடுப்பு வைத்தேன், ஒருநாள் ஜோக்கூடச் சொன்னேன். (வேணாம், அத விடுங்க.)

ஆனால் ஒன்று. “வகுப்பு முடிந்தது, போகலாம்” என்றால் இருபது பேர்தான் கிளம்புவார்கள். மற்ற ஆசிரியர்கள் ஒரே அழுத்தில் எல்லோரையும் வெளியே தள்ளிவிடுவார்களாம். எனக்கு மனசு வராது. மீதி நாற்பது பேரோடு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்பேன். கேட்க மாட்டார்கள். கூச்சம் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“வாங்காம கொள்ளாம சும்மா நிக்கிறவன் மழைக்கு ஒதுங்கினவனா இருப்பாண்டி,” என்றாள்.

“உன் கடையும் என் கிளாசும் ஒண்ணாம்மா?” (எம்.காம். திமிர்.)

வேலையைப் புதுப்பிக்கும் வாரம் வந்தது. துறைத் தலைவர் கூப்பிட்டார்.

“பசங்க எந்த கிளாஸ்லயும் வாயே திறக்கறதில்லைன்னு கேள்வி. உங்க கிளாஸ் எப்படிம்மா?”

‘பரவாயில்லை சார்’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“கிளாஸ் முடிஞ்சாலும் போக மாட்டேங்கறாங்க சார்,” என்றேன்.

அவர் கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். “நாளைக்கு நானே வந்து பாக்கறேன். அப்புறம் கையெழுத்து.”

மறுநாள் பாடம், வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி. கடைசிப் பத்து நிமிடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பாடத்தை முடித்து, போகலாம் என்றேன். இருபது பேர் போனார்கள். நாற்பது பேர் அசையவில்லை.

“பாத்தீங்களா சார்?” என்றேன்.

“ஆச்சரியமா இருக்கே,” என்றவர், “சந்தேகம் இருந்தா கேளுங்கப்பா,” என்றார். மௌனம். “பிரியதர்ஷினி?” மௌனம். “கோகுல்?” யாருடைய மைக்கோ திறந்துகொண்டது. “படிக்கட்டுல நிக்காத, உள்ள போ... அடையாறு டிப்போலாம் எறங்கு” என்று ஒரு கண்டக்டர் எங்கள் எல்லோரையும் அதட்டினார்.

துறைத் தலைவர் விடவில்லை. “தினேஷ்? தினேஷ் இருக்கியாப்பா?”

இன்னொரு மைக் திறந்தது. ஒரு பெண் குரல். “தினேசு போன சார்ஜுல போட்டுட்டு கிரிக்கெட் ஆட போயிட்டாம்பா. இன்னா விஷயம்?”

“நீங்க யாரும்மா?”

“அவங்கம்மா. இந்தப் பொண்ணு தெனம் பேசிக்கினே கீதேன்னு வெங்காயம் உரிச்சிக்கினே கேட்டுக்கினு இருப்பேன். வந்த கஸ்டமர பேர் சொல்லிக் கூப்புடணும்னு சொல்லிச்சே, நல்லாதான் சொல்லிச்சு. பதிலுக்குத்தான் ஒருத்தனும் வாயத் தொறக்கல, பாவம்.”

துறைத் தலைவர் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி அனுப்பினார். பிறகு, “ஒருத்தராவது பாடத்தைக் கவனிச்சிருக்காங்க,” என்றார். “அவங்க நம்ம மாணவி இல்லைங்கறதுதான் வருத்தம்.”

கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு சுற்றறிக்கையும் போட்டார்: இனி எல்லா ஆசிரியர்களும் வகுப்பு முடிவில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே வருகை பதிய வேண்டும். சக ஆசிரியர்கள் இன்றுவரை என்னை டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை.

வீட்டிலாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, யாராவது எதையும் தொடாமல், எதையும் கேட்காமல் நின்றால் போதும், பாதித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி அம்மா குரல் கொடுக்கிறாள்:

“ஏய், உன் ஸ்டூடண்டு ஒண்ணு வந்து நிக்குது பாரு. சந்தேகம் இன்னான்னு கேளு.”