ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

இனிமேல் இந்த வீட்டுக்குள் மெக்கானிக் என்று எவனும் கால் வைக்கக் கூடாது என்று பத்ரிநாராயணன் சபதம் செய்தார். மயிலாப்பூர் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை புகையை விட்டுவிட்டு உயிரையும் விட்டிருந்தது. ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தார். சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் மாதிரி உட்கார்ந்தார்.

மாற்றியாயிற்று. ஸ்விட்சைப் போட்டார். உள்ளே ஃபேன் சுற்றியது. திரை மட்டும் அமாவாசையாக இருந்தது.

“ஏன்னா, வேலை செய்யறதா?” சமையலறையிலிருந்து மனைவி ஜானுவின் குரல்.

“உள்ளுக்குள்ள செய்யறது. வெளியில காட்டிக்க மாட்டேங்கறது.”

“உங்களுக்கு நேர் எதிர்னு சொல்லுங்கோ.”

பத்ரி விடவில்லை. மெமரி கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார். மற்ற கார்டுகளையும் பிடுங்கினார், ஊதினார், மறுபடி சொருகினார். ஜானு கோயிலுக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. புது பவர் சப்ளையின் முதுகில் சொருக வேண்டிய மானிட்டரின் கரண்ட் ஒயர், கேட்பாரற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. சொருகினார். திரை பளிச்சென்று வந்துவிட்டது! ஆளில்லாத தைரியத்தில் இரண்டு குதி குதித்தார்.

மூன்றாவது குதியில் ஒரு யோசனை வந்தது.

மறுநாள் காலையிலிருந்து டி.வி.யில் ஒன் டே மேட்ச். அதே மறுநாள், நங்கநல்லூரில் ஜானுவின் அக்கா பேரனுக்கு ஆண்டு நிறைவு. சாப்பாட்டோடு விட்டால் பரவாயில்லை. அக்கா வீட்டுக்காரர் ரிட்டையரான பிறகு பாட்டு கற்றுக்கொண்டவர். பந்தி முடிந்ததும் டி.வி.யை அணைத்து, வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் பாட ஆரம்பிப்பார். போன தடவை தோடிக்குள் நுழைந்தவர் விளக்கு வைக்கும் நேரம்வரை வெளியே வரவில்லை.

பத்ரி கம்ப்யூட்டரை அணைத்தார். மூடியை ஸ்க்ரூ போடாமல் சும்மா கவிழ்த்தார். பார்ப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி அதன்மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜானுவுக்காகக் காத்திருந்தார்.

“மதர்போர்டுலயே கோளாறு, ஜானு. நாளைக்குப் பூரா உள்ளே கையை விட்டுண்டு ஒண்ணொண்ணாப் பார்க்கணும். நங்கநல்லூருக்கு நீ மட்டும் போயிட்டு வந்துடேன்.”

“அச்சச்சோ. மேட்ச் வேற இருக்கே?”

“மேட்சா? அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?”

“டி.வி. பக்கம் திரும்பக்கூட மாட்டேளா?”

“சத்தியமா!”

ஜானுவின் முகத்தில் அவ்வளவு பரிவு. பத்ரிக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் அது ராத்திரி சாப்பாடுவரைகூட நீடிக்கவில்லை.

ஞாயிறு காலை, லஸ் முனைக்குப் போய் பேரம் பேசி ஆட்டோ பிடித்து வந்தார். வீட்டுக்குள் ஃபேன் நின்றிருந்தது.

“கரண்ட் போயிடுத்தா?”

“நான்தான் ஃப்யூஸைப் பிடுங்கினேன். நாள் பூரா உள்ளே கையை விடப்போறேள். பிளக்கைக் கழட்ட மறந்து தொலைச்சேள்னா? எனக்கு இருக்கறது ஒரே ஆம்படையான்.”

“அதெல்லாம் ஜாக்கிரதையா இருப்பேன். ஃப்யூஸ் எங்கே?”

“அது என் பொறுப்பு. வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்கோ.” கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ பறந்தது.

மெயின் பெட்டி பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது. பத்ரி அரிசி டப்பாவைத் துழாவினார். பூஜை அலமாரியைக் குடைந்தார். புடவை மடிப்புகளை உதறினார். ஃப்யூஸ் கைப்பையில்தான் போயிருக்கிறது, சந்தேகமே இல்லை. வேறு வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரிக் கடை ஏது? மாடியில் கைதட்டல் கேட்டது. மேட்ச் ஆரம்பித்துவிட்டது! படியேறி நெடுஞ்செழியன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“வாங்க சார், கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா?”

“இல்லை... அது வந்து...”

“அப்ப போய் வேலையப் பாருங்க சார். டி.வி. பாக்கக் கூப்பிட்டு உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மேடம் இப்பதான் சொல்லிட்டுப் போனாங்க.”

“சரியாயிடுத்துன்னே வெச்சுக்கோங்களேன்.”

“சரியாயிட்டா உடனே நங்கநல்லூர் போவணுமாமே சார்?”

உள்ளே யாரோ சிக்ஸர் அடித்தார்கள். நெடுஞ்செழியன் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்.

ஓடிப்போய் ஃப்யூஸை வாங்கி வந்தால் ரெண்டாவது பாட்டிங்கையாவது பார்த்துவிடலாம். பத்ரி பஸ் பிடித்தார். மாம்பலத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்தார். பழவந்தாங்கலில் இறங்கி வெயிலில் ஓட்டமும் நடையுமாக வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்.

பந்தி தயாராக இருந்தது. நடுவில் ஒரு இலை மட்டும் ஆளில்லாமல் இருந்தது.

“வாங்கோ, வாங்கோ!” என்றார் அக்கா வீட்டுக்காரர். “நீங்க எப்படியும் வந்துடுவேள்னு ஜானு இலை போடச் சொல்லிட்டா.” சொல்லிக்கொண்டே பத்ரிக்குப் பின்னால் போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

பரிமாற வந்த ஜானுவிடம் பத்ரி கிசுகிசுத்தார். “ஃப்யூஸைக் குடு ஜானு. கொல்லைப்பக்கமா ஓடிடறேன்.”

“என்கிட்ட ஏது? அது ஆத்துலன்னா இருக்கு.”

“ஆத்துலயா? ஒரு இடம் பாக்கியில்லாம தேடினேனே!”

ஜானு நிதானமாக அவர் இலையில் அப்பளத்தை வைத்தாள்.

“கம்ப்யூட்டருக்குள்ளதான் வெச்சேன். நீங்க ரிப்பேர் பண்றச்சே கண்ணுல படலையா?”