எதிக்ஸ் ஆபீசர் தேவை

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குள் சத்யநாராயணனின் மேஜைக்கு மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. மூன்றும் ஒரே வேலைக்கு. கம்பெனியில் யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை.

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் சாலையில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி அது. சத்யநாராயணன் அங்கே பர்சனல் மேனேஜர். பட்டை வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் போன மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். எதிக்ஸ் ஆபீசர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்போம். ஆள் இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை.

ஏசி அறை, சுழலும் நாற்காலி, என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாத வேலை. பன்னிரண்டு பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

முதலாளி சம்பத் அவரைக் கூப்பிட்டுச் சொன்னது கொஞ்சம்தான்.

"நீங்களே பார்த்து ஒரு ஆளைப் போடுங்க சத்யா. நான் தலையிட மாட்டேன். சொதப்பினா கேளம்பாக்கம் குடோன் இருக்கவே இருக்கு."

இவருக்கு முன்னால் மேனேஜராக இருந்த யக்ஞநாராயணன் அப்படித்தான் அந்தக் குடோனுக்குப் போனார். மூன்று வருஷமாக அங்கே எலிப்பொறி வைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

முதல் கடிதம் யூனியன் தலைவர் தனக்கோடி கொடுத்தது. பின்னாலேயே ஆளும் வந்துவிட்டார்.

"இன்னா சார், நம்ம மச்சான் லெட்டர் பாத்தியா?"

"பார்த்தேன். போன வருஷம் ஸ்டோர்ல ரப்பர் திருடி சஸ்பெண்ட் ஆனவர்தானே அவர்?"

"அத்தாலதான் சொல்றேன். தப்பு எங்கெங்க நடக்கும்னு அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கு சார் தெரியும்?"

இரண்டாவது கடிதம் கவுன்சிலருடையது, தன் அக்கா மகன் குணாவுக்காக. கம்பெனியின் கழிவுநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்பது கவுன்சிலருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது கம்பெனிக்கும் தெரியும்.

மூன்றாவது, சத்யநாராயணன் குடியிருக்கும் சேலையூர் காலனியின் செகரட்டரி கிட்டுவுடையது. அதைப் பற்றிச் சாயங்காலம் வீட்டில் பேச்சு வந்தது.

"ஏன்னா, கிட்டு மாமா மாப்பிள்ளைக்கு அந்த வேலையைக் குடுத்துடுங்கோ. தண்ணி லாரி நம்ம தெருவுக்கு மொதல்ல வரதே அவராலதான்" என்றாள் நாகலக்ஷ்மி.

"நேர்மைன்னு ஒண்ணு இருக்கு நாகு."

"இருக்கட்டும். அதுல குளிக்க முடியுமா?"

நிற்க. சத்யநாராயணன் எதையும் முறையாகச் செய்கிறவர். குண்டூசி வாங்கினாலும் மூன்று பிரதி எடுப்பார். செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். 'மேற்படி பதவிக்கு எவர் பொருட்டு சிபாரிசுக் கடிதம் வரினும், அன்னாரின் விண்ணப்பம் அக்கணமே நிராகரிக்கப்படும் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.'

உள்ளே வந்த முதலாளி காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, அதை இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

முதல் மூன்று பேரும் அந்த நிமிஷமே கழிந்தார்கள். இத்தனை சுலபமா என்று சத்யநாராயணன் ஒரு காபி சொன்னார்.

மத்தியானம் கேட்டிலிருந்த தபால் பெட்டியைத் திறந்தால் நான்கு கடிதங்கள். அதில் ஒன்று கவுன்சிலரிடமிருந்து, ஹேமநாத் என்பவனுக்காக. தகவல் போன அரைமணியில் ஹேமநாத் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"சார், எனக்குக் கவுன்சிலரைத் தெரியவே தெரியாது."

"'என் வளர்ப்புப் பிள்ளை மாதிரி'ன்னு எழுதியிருக்காரே?"

"போன எலெக்‌ஷன்ல அவருக்கு எதிரா வீடு வீடா நோட்டீஸ் குடுத்தவன் சார் நான்."

சத்யநாராயணனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவனைக் கவிழ்க்க வேண்டுமானால் அவனைப் புகழ்ந்து நாலு வரி எழுதினால் போதும். நோட்டீஸே அதற்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தது.

அடுத்தது தனக்கோடி.

"சார், அந்த லெட்டரைத் திருப்பிக் குடு. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

"உங்க மச்சான்னு நேத்து சொன்னீங்க."

"இப்போதிக்கு எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

சத்யநாராயணன் இரண்டாவது நோட்டீஸ் ஒட்டினார். வந்த கடிதம் வந்ததுதான், திருப்பித் தர இயலாது. பெட்டியில் விழுந்த கடிதம் மட்டும், எழுதியவர் தொலைபேசியில் உறுதி செய்தால்தான் செல்லுபடியாகும். பொய்க் கடிதங்களை வடிகட்ட இது போதும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே கவுன்சிலருக்குப் போன் போட்டார்.

"ஆமா, நான்தான் எழுதினேன். தங்கமான பையன்."

"உங்களுக்கு எதிரா வேலை செஞ்சவராமே?"

"அதுக்கென்ன? எங்க குணாவுக்குக் கிடைக்காதது அவனுக்கு மட்டும் எதுக்கு? வீடு தேடி வந்து பக்குவமா எடுத்துச் சொன்னாங்க. எழுதிட்டேன். இன்னும் யாருக்காவது வேணும்னாலும் சொல்லுங்க."

மற்றவர்களும் அப்படியே உறுதி செய்தார்கள். தப்ப வேண்டியவர்களையும் வெளியே அனுப்பியது அந்த இரண்டாவது நோட்டீஸ்.

புதன்கிழமை பெட்டியில் இன்னும் நான்கு. மொத்தம் பதினோரு பேர் கழிந்தாயிற்று. பத்து மணிக்கு நாகலக்ஷ்மி போன் செய்தாள்.

"லாரி தெரு முனையோட திரும்பிப் போயிடுத்து. நான் குடத்தோட நிக்கறேன். உங்க நேர்மை எத்தனை மணிக்கு வரும்?"

பதினோரு மணிக்குத் தனக்கோடி ஆட்களோடு கேட்டில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்குக் கவுன்சிலரின் ஆள் வந்து, கழிவுநீர்க் குழாயைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். நோட்டீஸைக் கிழித்துவிடலாமா என்று சத்யநாராயணன் கேட் வரை நடந்தார். மைதா பசை. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. தானே கையெழுத்துப் போட்டது என்பதால் அதற்கு மேல் சுரண்ட மனசும் வரவில்லை.

வியாழக்கிழமை இன்டர்வியூ. காலையிலிருந்து மழை. பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை கணுக்கால் சேறு. பன்னிரண்டாவது விண்ணப்பக்காரி ஒருத்தி மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெயர் வெண்ணிலா. அவளுக்கு மட்டும்தான் கடிதம் இல்லை.

"உங்களுக்குப் பெரிய மனுஷங்க யாரையாவது தெரியுமா?"

"யாரையும் தெரியாது சார்."

"கவுன்சிலர்?"

"எந்த வார்டு சார்?"

"எதிக்ஸ்னா என்ன, உங்க வார்த்தையில சொல்லுங்க."

"யாரும் பார்க்காதப்பவும் சரியா நடந்துக்கறது சார்."

சத்யநாராயணனுக்குக் கண் கலங்கியது. குனிந்து துடைத்துக்கொண்டபோது அவள் செருப்பு தெரிந்தது. அத்தனை சேற்றிலும் ஒரு பொட்டு அழுக்கில்லை. ஒழுக்கம் உள்ளவர்களைக் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றே ஆர்டர் அடித்துக் கையெழுத்துப் போட்டார். கேளம்பாக்கம் போகும் பஸ் நம்பரையும் விசாரித்து ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்காரர்கள் வந்தார்கள். வெண்ணிலாவிடம் நாலு கேள்வி கேட்டார்கள். பிறகு, நிராகரித்த பதினோரு கடிதங்களும் தேதிவாரியாக ஃபைல் போட்டிருப்பதைப் பார்த்து அசந்துபோனார்கள். இத்தனை நெருக்கடியிலும் வளையாத மேனேஜரை இந்தியாவில் கண்டோம் என்று அவரை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆர்டர் இரண்டு மடங்கானது.

முதலாளி அவர் தோளைத் தட்டினார்.

"நீங்க வளைய மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சத்யா. அந்த நம்பிக்கையிலதான் இருந்தேன்."

சத்யநாராயணன் சட்டைப் பையிலிருந்த பஸ் நம்பரைக் கிழித்துக் கூடையில் போட்டார். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகூட உட்கார்ந்தார். இந்த உலகத்தில் ஒரு மனிதன் நிமிர்ந்து நின்றால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். இதை ராத்திரி நாகுவிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

அப்போது முதலாளியின் டிரைவர் குப்பன், வண்டி ஓடிய கணக்குத் தாளோடு வந்து நின்றான்.

"சார், ஒரு கையெழுத்து வோணும்."

சத்யநாராயணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"செவ்வாய், புதன் ரெண்டு நாள்ல நூத்துத் தொண்ணூறு கிலோமீட்டரா? முதலாளி ரெண்டு நாளும் ஆபீஸை விட்டு நகரலையே. எங்கே போனேன்னு எழுதாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? இனிமே இப்படியெல்லாம் நடக்காது குப்பா. நம்ம கம்பெனியில இப்ப எதிக்ஸ் ஆபீசர் இருக்காங்க, தெரியுமில்ல?"

குப்பன் தலையைச் சொறிந்தான்.

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்குற? தாம்பரம், சேலையூரு, படப்பைன்னு வூடு வூடா சுத்திக்கினு எட்டு பேருக்கு லெட்டர் வாங்கியாந்து கேட்டுப் பொட்டில போட்டதே நான்தான், அய்யாவோட தங்கச்சி பொண்ணு வெண்ணிலா பாப்பாவுக்கு மட்டும் யாராண்டயும் வாங்கிடாதன்னு அய்யா கண்டிசனா சொல்லிட்டாரு."