பட்டினி வைத்தியர்

எந்த நோய்க்கும் பட்டினி போடச் சொல்கிற ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அடையாளம் சுலபம்: தொந்தி இருக்கும். ஒல்லியான பட்டினி வைத்தியரை நான் பார்த்ததே இல்லை. ஒல்லியானவர்களுக்கு அதில் அனுபவம் இருப்பதால் சிபாரிசு செய்வதில்லை போலும்.

எங்கள் மேலகரத்துக்கு வாய்த்தவர் கைலாசம் பிள்ளை, பென்ஷன் வாங்கும் தாலுகா குமாஸ்தா. சாரல் காலத்தில் தினமும் காலையில் குற்றாலத்துக்கு நடந்துபோய், எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று, அருவி கிளப்பிவிட்ட பசியை எட்டு இட்லி கொடுத்துச் சமாதானம் செய்து, ஈரத்துண்டோடு திரும்புகிற வழியில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பார்ப்பார். ஆடு, மாடு, மனிதர் என்ற பேதம் பாராட்ட மாட்டார்.

அந்த ஆடியில் எங்கள் தெரு மாடத்தியின் வெள்ளாடு படுத்துவிட்டது. அவளுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான், நிறைசினை வேறு. பத்து நாளாக விடாத சாரல், மேய்ச்சல் இல்லை. வெளியிலிருந்து இரை வராததால் உள்ளே இருந்த இரண்டு குட்டிகளும் தாயின் உடம்பையே உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஆடு பல்லை நறநறவென்று கடித்தது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது, பிறகு விழுந்தது.

கைலாசம் பிள்ளை அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“மந்தம்லாட்டி இது! மூணு நாளைக்குப் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் காட்டாத.”

“வயித்துல ரெட்டக்குட்டி கெடக்குய்யா. பசியிலதான் விழுந்திருக்குன்னு தோணுது.”

“பசிச்சா ஆடு கத்தும், விழாது. நீ படிச்சியா, நான் படிச்சேனா?”

“நீங்க பட்டா சிட்டாலா படிச்சிய!”

அவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஓர் உயிரைப் பட்டினியில் நிறுத்தினால் அவருக்கு நிம்மதி வரும். நிம்மதி வந்தால் பசி வரும். சாப்பிடப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாடத்தி கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து, புரையேறாமல் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஒருமுறை அல்ல, பொழுதுக்கும். மறுநாள் ஆடு முருங்கைக் குழையைக் கடித்தது. மூன்றாம் நாள் எழுந்து நின்றது. ஐந்தாம் நாள் இரண்டு குட்டி போட்டது.

“பாத்தியாட்டி, பட்டினி செஞ்ச வேலைய?” என்றார் கைலாசம் பிள்ளை. மாடத்தி மறுக்கவில்லை. ஆடு பிழைத்தது போதாதா?

போதவில்லை. மறுவாரம் அதே தெருவில் பேராச்சியின் சினையாடு விழுந்ததும், கைகண்ட மருந்து என்று அதற்கும் பட்டினி விதித்தார். அவர் போனதும் மாடத்தி கருப்பட்டியோடு ஓடினாள்.

“ஏ பேராச்சி, வாயால சரின்னு சொல்லு, கையால இதக் குடு!”

அந்த ஆடும் பிழைத்தது. இன்று எங்கள் தெருவில் கைலாசம் பிள்ளையின் வைத்தியம் தவறுவதே இல்லை. கடையத்திலிருந்துகூட ஆள் வருகிறது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்கள் யோசனையால் யாரோ பிழைத்ததாகப் போன மாதம் நாலு பேரிடம் சொன்னீர்களே, நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகு அந்த வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்று விசாரித்தீர்களா?