திகதி போடாத கொதியண்ணை

“செவ்வாய். மழை. சப்பாத்து செத்துப்போச்சு. இங்கை ஒருத்தனுக்கும் மூளை இல்லை.”

1988 ஒக்டோபரில் எனக்கு வந்த ஒரு தபாலட்டையின் முழு வாசகம் இது. மாதமும் வருடமும் அஞ்சல் முத்திரையில் தெரிகின்றன. நாளின் எண்ணை மட்டும் மழை கழுவிவிட்டது. எழுதியவரோ திகதி என்ற ஒன்று உலகில் இருப்பதையே ஏற்றுக்கொள்ளாதவர். இத்தனை வருடம் கழித்தும் அந்த அட்டையைக் கையில் எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழையோடு வாய்த்தர்க்கம் பண்ணி, அதில் தானே வென்றதாக நம்பிய ஒரே மனிதர் கொதியண்ணைதான். கோபத்துக்கு எங்கள் பக்கத்தில் கொதி என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரை லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அவரோடு ஒரே வீட்டில் இருந்த நாங்கள் நால்வரும் பாவித்ததே இல்லை. கிழமையில் ஆறு நாள் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கழிவறைகளைக் கழுவுவது அவர் வேலை. நாங்கள் லீவு கிடைத்தால் இன்னொரு ஷிப்ட் தேடுவோம். அவர் லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்கொட்லாந்து போவார். தனியாக, குளிருக்குள், கோபத்தோடு.

“குளிர்தானே அண்ணை வேணும்? ஹீட்டரை நிப்பாட்டி விடுறன், வீட்டிலை இருந்தே அனுபவியுங்கோ.”

“உனக்கு விளங்காது. அங்கை நாள் முழுக்க நடந்தாலும் ஒருத்தனும் மறிச்சு ‘எங்கை போறாய்?’ எண்டு கேக்கமாட்டான்.”

அப்படி நிம்மதி தேடிப் போனவர் திரும்பி வரும்போது பார்க்க வேண்டும். கூடாரத்துக்குக் கம்பு இல்லையென்று எங்கள் வீட்டுத் தும்புத்தடியைக் கொண்டுபோவார். பத்து நாள் வீடு கூட்டாமல் கிடக்கும். ஒருமுறை வரைபடத்தைச் செம்மறியாடு தின்றுவிட்டது. அதற்கு அவர் ஆட்டைத் திட்டவில்லை, வரைபடம் அச்சிட்டவனைத் திட்டினார். “ஆடு தின்னாத கடுதாசியிலை அடிக்க ஏலாதோ இவங்களுக்கு?”

தபாலட்டை விஷயம் இன்னும் மோசம். விக்ரோரியா நிலையத்தில் பஸ் ஏறுமுன்பே ஒரு கட்டு வாங்கிவிடுவார். எல்லாவற்றிலும் ஒரே படம்: லண்டன் சிவப்பு பஸ். ஸ்கொட்லாந்து மலையுச்சியிலிருந்து லண்டனுக்கு லண்டன் பஸ்ஸின் படத்தை அனுப்பிய மனிதரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஒக்டோபரில் அவர் புறப்பட்டுப் போன மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, அவருக்குக் கடிதம் வந்தது. அகதி விண்ணப்பத்துக்கான இன்டர்வியூ. அடுத்த புதன்கிழமை காலை பத்து மணி, குறொய்டன் குடிவரவு அலுவலகம். இரண்டு வருடமாக அவர் காத்திருந்த கடிதம். போகாவிட்டால் விண்ணப்பம் விழுந்துவிடும். விழுந்தால் விமானத்தில் ஏற்றி எங்கே அனுப்புவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆள் எங்கே? யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை அவருடைய தபாலட்டை ஒன்று வந்தது. “வெள்ளியோ சனியோ. காத்து. ஒருத்தனும் சரியில்லை.” படத்தில் சிவப்பு பஸ். முத்திரையில் இன்வர்னெஸ். அந்த வட்டாரம் முழுவதன் தபாலுக்கும் அங்கேதான் முத்திரை குத்துவார்கள்.

அவருடைய அலுமாரியில், கூடாரம் போட முடியாத இரவுகளில் அவர் தங்கும் மலை விடுதிகளின் பட்டியல் புத்தகம் ஒன்று கிடந்தது. பெற்றோல் நிலைய வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுத் தொலைபேசியின் முன்னால் குந்தினேன். ஆளின் பெயரைச் சொன்னால், விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் எவருக்கும் தெரியவில்லை. நாலாவது விடுதியில் அலுத்துப்போய், “எந்நேரமும் கோபமாக இருப்பார்” என்றேன்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “மிளகாய்க்காரரா?”

சம்பலுக்கென்று விடுதிச் சமையலறையில் செத்தல் மிளகாய் பொரித்திருக்கிறார். தங்கியிருந்த அத்தனை பேரும் இருமிக்கொண்டு மழைக்குள் ஓடியிருக்கிறார்கள். இவர் கதவடியில் நின்று, “சாத்துங்கோ, குளிர் வருது” என்று அவர்களையே ஏசியிருக்கிறார். ஆள் வடக்கே போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு வழி சுலபமாயிற்று. அடுத்த விடுதியில், கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை. அதற்கடுத்ததில், ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, மூடுபனியை எடு என்று சண்டை. அண்ணை போன பாதையெல்லாம் புண்பட்ட வார்டன்கள் நின்று கைகாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை நண்பகல் ஆளைப் பிடித்தேன். “இதோ, வாசற்படியில் இருக்கிறார். மூன்று மணி நேரமாக” என்றார் வார்டன்.

அந்த நாட்களில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விடுதிக்குள் போனதும் உறுப்பினர் அட்டையை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வார். காலையில் அவர் சொல்லும் வேலையைச் செய்தால்தான் அட்டை திரும்பக் கிடைக்கும். விறகு அடுக்கு, சட்டி கழுவு என்றால் அண்ணை உறுமிக்கொண்டாவது செய்துவிடுவார். அன்று அவருக்கு விழுந்தது கழிவறை. மாட்டேன் என்று வாசற்படியில் குந்தியிருந்தவரை வார்டன் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்.

“அண்ணை, நாளைக்குக் காலமை பத்து மணிக்கு இன்டர்வியூ! கடிதம் வந்திருக்கு!”

“ஏலாது. இவன் என்ரை அட்டையைத் தாறானில்லை.”

“அந்தக் கக்கூசைக் கழுவிப்போட்டு வாங்கோவன்!”

“ஆறு நாள் லண்டன்ரை கக்கூசு கழுவுறன். ஏழாம் நாள் ஸ்கொட்லாந்துக்கும் கழுவ நான் என்ன நேர்த்திக்கடனே வைச்சனான்?”

“அப்ப அட்டையை விட்டெறிஞ்சுபோட்டு வாங்கோ! ரெண்டு மணிக்கு பஸ். அதை விட்டா வேறை இல்லையாம்.”

அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: “அட்டையை ஒருத்தன்ரை கையிலை விட்டிட்டு நான் இனி நடக்க மாட்டனடா.”

ஊரில் ஒரு ராணுவச் சோதனைச் சாவடியில் அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வா என்று அனுப்பியிருந்தார்கள். அட்டை இல்லாமல் அடுத்த சாவடியில் அகப்பட்ட அவருக்கு நடந்ததை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அது தெரிந்திருந்தும் அன்று நான் கத்தினேன். “நாசமாய்ப் போங்கோ! உங்கடை கொதிக்கு நான் ஏன் வேலையை விட்டிட்டு அழவேணும்? இனி இந்த வீட்டுப் பக்கம் வரவேண்டாம்!” தொலைபேசியை ஓங்கி வைத்தேன். அப்போது வெடித்த அதன் கைப்பிடியை அந்த வீட்டை விட்டுப் போகும்வரை நாங்கள் மாற்றவில்லை.

புதன்கிழமை ஒன்பதரைக்கு நான் குறொய்டனில், அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றேன். கையில் அவருடைய கடிதம். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு, ஈரம் சொட்டும் மூட்டையோடும் எங்கள் தும்புத்தடியோடும் கொதியண்ணை வந்தார். கடிதத்தைப் பறித்தார்.

“ஏன்ரா ஊர் முழுக்க போன் அடிச்சு மானத்தை வாங்கினனீ?” என்று ஏசிவிட்டு உள்ளே போனார். அடுத்த வருடம் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது.

அட்டையை எப்படி வாங்கினார் என்று கேட்டால், “வாங்கினன்” என்பார். அதற்குமேல் கேட்டால் கொதி. அன்று கடிதத்தைப் பறித்த கையில் பிளீச் மணம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கையில் அது என்றைக்கும் இருந்த மணம்; சாட்சியமாகக் கொள்ள முடியாது. வார்டனுக்கு நான் எழுதிய கடிதம், விடுதி மூடப்பட்டுவிட்டதென்று திரும்பி வந்தது.

அதற்குப் பின் அவர் அனுப்பிய ஒவ்வொரு சிவப்பு பஸ்ஸின் பின்பக்கத்திலும் வலது மூலையில் திகதி இருக்கிறது. நேரமும் விடுதியின் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அன்று அவர் கழுவினாரா, வார்டன் மனமிரங்கினாரா என்பது மட்டும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. அவரை இனியும் கேட்டுக் கொதிக்க வைக்க எனக்கு மனமில்லை.