இருபத்தோராயிரம் ரூபாய் சராசரி

"எழுபது கிலோவா?" ஏகப்பன் முதலாளி நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண் மாறவில்லை.

காரைக்குடியில் அவருடைய பலகாரக் கம்பெனியில் தினம் நூறு கிலோ முறுக்கும் சீப்புச் சீடையும் தயாராகும். அதில் எழுபது கிலோ பெண்கள் கைப்பட்டது. மூன்று மாதம் தராசில் நிறுத்து எழுதியவள் மஹாலட்சுமி. ஆறு பெண்களுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் சம்பளம். ஐந்து ஆண்களுக்கும் பதினெட்டாயிரம். அது சமமாகிற வரை அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்று வந்து நின்றாள். நாளை மறுநாள் கல்யாண ஆர்டர் வேறு.

அவள் சுற்றும் ஏழு சுற்றுக் கைமுறுக்கு சிங்கப்பூர் வரை போகிறது. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

"ஆம்பளைக மூட்டை தூக்குறாகல்ல?" என்றார் முதலாளி.

"மூட்டைய வேன்காரரே ஸ்டோர்ல எறக்கி வச்சுட்டுப் போயிர்றாரு."

முதலாளி கால்குலேட்டரைத் தட்டி, வெற்றியோடு திருப்பிக் காட்டினார். "கம்பெனியில பொம்பளைகளோட சராசரிச் சம்பளம் இருபத்தோராயிரம். ஆம்பளைகளுக்குப் பதினெட்டுதான். நியாயமா அவுகதான் சண்டைக்கு வரணும்!"

மற்ற பெண்கள் திருதிருவென விழித்தார்கள். மஹாலட்சுமி விழிக்கவில்லை.

"ரொம்ப நல்லது. அந்தச் சராசரியவே எங்க ஆறு பேருக்கும் குடுத்துருங்க. இப்பவே அடுப்பப் பத்த வைக்கிறோம்."

முதலாளி கால்குலேட்டரைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி தேனம்மை ஆச்சி வந்தார். காலையில் மாவுப் பதம் பார்ப்பதிலிருந்து கடைசிப் பெட்டியை ஒட்டுவது வரை அங்கே எல்லாம் ஆச்சிதான். கையில் வார் அறுந்த செருப்பு.

"புதுசு வாங்க முந்நூறு ரூவா கேட்டு நாலு நாளாச்சு."

"பேச்சுவார்த்தை நடக்குதுல்ல? செத்த பொறு."

"பன்னெண்டு எப்பிடி இருபத்தொண்ணாச்சு?" மஹாலட்சுமி விடவில்லை. "பேரு பேரா வாசிங்க முதலாளி."

வாசித்தார். ஆறு பெயருக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக வந்தது. ஏழாவது பெயரில் குரல் கிணற்றுக்குள் போனது.

"தேனம்மை... எழுபத்தஞ்சாயிரம்."

"ஆச்சிய எடுத்துட்டு இப்பப் போடுங்க சராசரிய!" மஹாலட்சுமி நிமிர்ந்து நின்றாள். ஜெயித்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆச்சி செருப்போடு ஓரடி முன்னால் வந்தார்.

"ஏங்க, நான் எத்தனை வருசமாச் சம்பளம் வாங்குறேன்?"